மீசையில் மண் ஒட்டாத பயிற்சியாளர்

பாரிஸில் 100 கிராம் கூடிப்போனதால் ஒரு பெண்ணின் கைக்கு வந்த பதக்கம் பறிபோனது. 2024 ஆகஸ்ட் 7. ஒலிம்பிக் மல்யுத்தம், பெண்கள் 50 கிலோ பிரிவு. முதல்நாள் ஒரே பகலில் மூன்று பேரைச் சாய்த்து இறுதிக்கு வந்த வினேஷ் போகத், மறுநாள் காலையில் தராசில் ஏறினார். இறங்கும்போது போட்டியிலேயே இல்லை. இடைப்பட்ட இரவில் அவருடைய பயிற்சியாளரும் வைத்தியர்களும் கண் மூடவில்லை. வியர்க்க வைத்தார்கள். தண்ணீரைக் கண்ணில் காட்டவில்லை. கடைசிக்குத் தலைமுடியைக்கூடக் கத்தரித்துப் பார்த்தார்கள். அந்த 100 கிராம் மட்டும் அசையவில்லை.

அந்த வாரம் இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்றுகொண்டிருந்தேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் எனக்கு ஒன்றும் ஆகாது. அங்கே வரிசையில் நின்ற அக்காவுக்கு மறுநாள் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். மத்தியான நிறுவை. விடிந்ததிலிருந்து மழை. இடுப்பில் கட்டிய படங்கு நனைந்து கனத்து, காலில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு. கொழுந்துச் சாக்கைக் கொக்கியில் மாட்டினார்கள். முள் 11ஐத் தொட்டு ஆடியது. ஆட்டம் நிற்கும் முன்னே கணக்கப்பிள்ளை ஒன்பது என்று எழுதிவிட்டார். தண்ணிக்கு ஒரு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ.

கையில் போனுடன் நின்ற பையன் ஒருவன் வினேஷ் கதையைச் சத்தமாக வாசித்தான். அக்கா சாக்கை உதறி மடித்துக்கொண்டே கேட்டார்:

"நூறு கிராமுக்கா இம்புட்டு அழுவுறாங்க? எனக்குத் தெனம் நாலு கிலோ போவுதுங்க தம்பி. அத எந்த டீவியில போட்டான்?"

எனக்குப் பதில் வரவில்லை. வினேஷின் பக்கத்தில் ராத்திரி முழுக்க விழித்திருந்த ஒரு கோச் இருந்தாரே, இந்த அக்காவின் கோச் எங்கே என்று சுற்றுமுற்றும் பார்த்தேன்.

மலையகத்தில் கோச்சுக்கா பஞ்சம்? லயத்துக்கு ஒழுங்கான ஒரு மலசலகூடம் கிடைக்காவிட்டாலும் தோட்டத்துக்கு நாலு தொழிற்சங்கம் கிடைக்கும். ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு கொடி, ஒரு நிறம், ஒரு படம், படத்துக்குக் கீழே ஒரு மீசை. எல்லோரும் தொழிலாளிக்குப் போராடக் கற்றுக்கொடுப்பவர்கள். உழைப்பவளுக்கும் கம்பனிக்கும் நடக்கும் இந்தத் தீராத குஸ்தியில் கோதாவின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள். மல்யுத்தப் பயிற்சியாளர் என்கிற உத்தியோகத்தை உலகத்தில் எங்கேயும் இவ்வளவு சொகுசாகப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அமெரிக்காவில் ஐயோவா என்று ஒரு மாநிலம். சோளமும் பன்றிப் பண்ணையும் நிறைந்த பூமி. அந்த மாநிலத்துப் பல்கலைக்கழகத்தில் டான் கேபிள் என்பவர் 1997 வரை 21 பருவங்கள் மல்யுத்தப் பயிற்சியாளராக இருந்தார். அந்தக் காலத்தில் அவருடைய அணி 15 தடவை தேசியப் பட்டம் வாங்கியது. அதற்கு முன்னால் அவரே கோதாவில் இறங்கி, 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் எதிராளிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் தங்கம் வாங்கியவர். முதலில் மண்ணில் புரண்டார், பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். நம்மவர்களுக்கு நாற்காலி முதலிலேயே வந்துவிடுகிறது. சில குடும்பங்களில் நாற்காலி சீதனம் மாதிரி. தாத்தா உட்கார்ந்ததில் பேரன், பேரன் உட்கார்ந்ததில் அவர் மகன். சௌமியமூர்த்தி, ஆறுமுகன், ஜீவன் என்று மூன்று தொண்டமான்கள் அமைச்சர் ஆனார்கள். கூடை மட்டும் என்ன, அதுவும் பாட்டியிடமிருந்து பேத்திக்குத்தானே வருகிறது என்பீர்கள். அதுவும் சரிதான். சீதனத்தில் சமத்துவம் உண்டு.

கேபிளின் பணி வரலாற்றைப் பட்டங்களை எண்ணி எழுதலாம். நம்ம கோச்சின் பணி வரலாறு வேறு மாதிரி. தோட்டத் தலைவராகச் சேர்ந்தார். சம்பளப் பேச்சு தோற்றது, மாவட்டத் தலைவரானார். அடுத்த பேச்சும் தோற்றது. பிரதேச சபைக்குப் போனார். அதற்கடுத்தது படுதோல்வி, மாகாண சபை. ஊரே சிரிக்கும்படி ஒரு தடவை தோற்றார். பாராளுமன்றம், பிரதி அமைச்சு, சிவப்பு விளக்கு வைத்த வாகனம். தோற்கத் தோற்கப் பதவி உயர்கிற விளையாட்டு வேறு எங்காவது உண்டா? கோச்சின் கூலியும் விசித்திரம். தொழிலாளியின் சம்பளத்தில் மாதாமாதம் சந்தாவைக் கழித்து, சங்கத்துக்கு அனுப்பி வைத்தது தோட்ட நிர்வாகமே. நம்ம பயில்வானின் மடியில் இருந்து எடுத்து, நம்ம கோச்சுக்கு எதிராளி சம்பளம் கொடுத்தான். அப்படியிருக்க கோச் யார் பக்கம் பார்த்து விசில் ஊதுவார்?

பல்கலைக்கழகம் என்ற வார்த்தையை எடுத்துவிட்டேன், அதையும் முடித்துவிடுகிறேன். நுவரெலியா மாவட்டத்தில் இன்று வரைக்கும் ஓர் அரச பல்கலைக்கழகம் எழும்பவில்லை. இந்தப் பக்கம் இறங்கினால் பேராதனை. அந்தப் பக்கம் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ. தெற்கே பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ. உச்சியில் நாம். மழைத்தண்ணீர் மாதிரி படிப்பும் நம்மைத் தாண்டிக் கீழே போய்த்தான் தேங்கும் போலிருக்கிறது. தேர்தல் மேடைகளில் மலையகப் பல்கலைக்கழகத்துக்கு நட்ட அடிக்கல்லை எல்லாம் பொறுக்கி அடுக்கியிருந்தால் ஒரு கட்டடமாவது முடிந்திருக்கும். அதுவரைக்கும் கீழே இருந்து படி ஏற வேண்டிய பிள்ளைக்கு என்ன கொடுத்தார்கள்? தோட்டப் பாடசாலைகளில் ஆசிரியர் பற்றாக்குறை என்று கூப்பிட்டு, ஆசிரியர் என்று சொல்லாமல் "ஆசிரிய உதவியாளர்" என்று பெயர் வைத்து, மாதம் 6,000 ரூபா கொடுப்பனவு கொடுத்து வகுப்பில் நிறுத்தினார்கள். படித்து முடித்தவனுக்கும் அரைப்பேர்.

விளையாட்டு என்றால் தரை வேண்டும், அதுவும் சமமான தரை. மலையில் சமதரை என்பது தங்கம். அந்தத் தங்கத்தை யார் முதலில் எடுத்துக்கொண்டார்கள் என்று பாருங்கள். நுவரெலியாவில் 1875இல் குதிரைப் பந்தயத் திடல். அதற்குப் பிறகு கோல்ப் மைதானம். இந்தப் பக்கம் டரவெல்லயில் ஒரு கிளப், அந்தப் பக்கம் ராதெல்லயில் ஒரு கிளப். துரைமார் கிரிக்கெட்டும் ரக்பியும் ஆட, 19ஆம் நூற்றாண்டிலேயே பச்சைக் கம்பளம் விரித்தாயிற்று. பங்களா முற்றத்தில் டென்னிஸ் கோர்ட். குதிரைக்குத் தரை இருந்தது, பந்துக்குத் தரை இருந்தது. லயத்துப் பிள்ளை பந்தை அடித்தால் அது அடுத்த டிவிசனில் போய் நிற்கும். எடுத்து வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நோர்வூட்டில் தொண்டமான் பெயரில் ஒரு மைதானம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. 2017 மே 12 அன்று உலகமே அந்த மைதானத்தைப் பார்த்தது. இந்தியப் பிரதமர் மோடி வந்து பேசினார். மைதானம் கிடைத்தால் அதில் மேடை கட்டுவது நம்மவர்கள் கண்டுபிடித்த விளையாட்டு.

சரி, குஸ்திக்கு வருவோம்.

நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்ற கோஷம் 2015 அளவில் கிளம்பியது. கோச்சுமார் தொடையைத் தட்டினார்கள். 2016 ஒக்டோபரில் கூட்டு ஒப்பந்தம் கைச்சாத்தானது. மொத்தம் 730 என்றார்கள். பிரித்துப் பார்த்தால் அடிப்படை 500தான், மீதி எல்லாம் வரவுக்கு, உற்பத்திக்கு, விலைக்கு என்று ஒட்டுப்போட்ட காசு. ஒரு நாள் குறைந்தால் ஒட்டு கழன்றுவிடும். 2018 கடைசியில் பெண்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். சம்பளமில்லாத நாட்களை அடுப்பங்கரையில் பட்டினியாகக் கழித்தார்கள். 2019 ஜனவரியில் கோச்சுமார் கொழும்பில் கையெழுத்துப் போட்டு வந்தார்கள்: அடிப்படை 700. ஆயிரம் கேட்டு எழுநூறு வாங்கிய அந்த வெற்றிக்கு மாலையும் விழுந்தது.

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று நம்ம ஆட்கள் சொல்வார்களே, அது இவர்களுக்கென்றே பிறந்த பேச்சு. எப்படி ஒட்டும்? விழுந்தவள் அக்கா. மீசை வைத்திருப்பவர் ஐயா.

ஆயிரம் கடைசியில் 2021 மார்ச்சில் வந்தது. கோச்சின் பிடியில் வரவில்லை, சம்பள நிர்ணய சபை வர்த்தமானி வழியாக வந்தது. 900 அடிப்படை, 100 கொடுப்பனவு. உடனே கம்பனிகள் கூட்டு ஒப்பந்தமே வேண்டாம் என்று எழுந்து போய்விட்டன. பல தோட்டங்களில் எடுக்க வேண்டிய கொழுந்தின் நிறை ஏறியது. 18 கிலோ போதும் என்றிருந்த இடத்தில் 20 கேட்டார்கள், எடுக்காதவளுக்கு அரைப்பேர். ஆயிரம் ரூபா சட்டத்தில் ஏறியது, செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் ஐந்நூறாக இறங்கியது. வேலை நாளும் சுருங்கியது. அடுத்த வருடம் நாடே கவிழ்ந்தபோது டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குத் தாவியது. ஒரு நாளைக்கு 5 டொலர் என்று ஆறு வருடம் மல்லுக்கட்டி வாங்கியது, ஒரே வருடத்தில் 3 டொலருக்குக் கீழே போயிற்று. ரொட்டிக்கு மா வாங்கப் போனவள் கடை வாசலிலிருந்து வெறும் பையோடு திரும்பினாள்.

2024 மே தினம், கொட்டகலை. அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க மேடையில் 1,700 ரூபா என்று அறிவித்தார். பட்டாசு. வர்த்தமானியும் கையோடு. கம்பனிகள் நேரே நீதிமன்றத்துக்குப் போயின. ஜூலையில் இடைக்காலத் தடை வந்தது. செப்டெம்பரில், ஜனாதிபதித் தேர்தல் வாசலில் நிற்கும்போது, 1,350 என்று முடிந்தது. மே மாதம் வெடித்த பட்டாசின் காகிதத்தை மழை கழுவிக்கொண்டு போயிருந்தது. அக்காவைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார்: மேடையில் நிறுத்தது 1,700, மடுவத்துக்கு வந்தது 1,350. தண்ணிக்கு 350 கழித்திருக்கிறார்கள்.

இந்தக் கழிவு நேற்று ஆரம்பித்ததும் இல்லை. கோதாவில் எதிராளியைச் சாய்க்க முடியாவிட்டால் பெயர்ப் பட்டியலிலிருந்தே வெட்டிவிடுவது ஒரு வழி. 1947 தேர்தலில் தோட்டத்து மக்கள் ஏழு பேரைப் பாராளுமன்றம் அனுப்பினார்கள். அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, அதன் பின்னால் வாக்குரிமையும் போனது. பிறகு 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து ஆட்களை நிறுத்தார்கள். 5,25,000 பேர் இந்தியத் தட்டில், 3,00,000 பேர் இலங்கைத் தட்டில். மீதி 1,50,000 பேரை எந்தத் தட்டில் போடுவது? பத்து வருடம் யோசித்து, 1974இல் இரண்டு அரசாங்கங்களும் ஆளுக்குப் பாதி என்று 75,000, 75,000ஆகப் பிரித்துக்கொண்டன. சரியாக அரைப்பேர். நிறுக்கும்போது அந்த மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொழுந்திடம் யாராவது கேட்பார்களா?

கோச்சுமார் ஒன்றுமே வென்றதில்லை என்று நான் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். 1984 வேலைநிறுத்தத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் கிடைத்தது. 1986இல் வேலையை நிறுத்திப் பிரார்த்தனை செய்தே நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கேட்டு வென்றார்கள். அது கெட்டிக்காரப் பிடிதான், ஒப்புக்கொள்கிறேன். அதற்கும் முன்னால், 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நடந்த போராட்டத்தில் பொலிஸ் குண்டு பட்டுச் செத்தார் கோவிந்தன். அவர் எந்தச் சபைக்கும் போகவில்லை. மண்ணுக்குப் போனார். மண் ஒட்டிய மீசைக்கு மலையகத்தில் ஓர் உதாரணம் கேட்டால் அவரைச் சொல்வேன்.

குஸ்தி எங்கள் கூத்திலும் உண்டு. தோட்டங்களில் அருச்சுனன் தபசு ஆடுவார்கள். ராத்திரி முழுக்கக் கூத்து. தப்புச் சத்தம் அடுத்த மலைக்கும் கேட்கும். பகலெல்லாம் கவ்வாத்து வெட்டியவர் அன்று அருச்சுனன். நீண்ட மரத்தில் படிப்படியாகப் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறுவார். சிறுவயதில் அம்மாவின் கம்பளிக்குள் ஒண்டிக்கொண்டு, தூக்கம் சொருகச் சொருக அண்ணாந்து பார்த்திருக்கிறேன். என் ஊரில் நான் பார்த்த ஒரே மல்யுத்தம் அதில்தான். வேடன் வேசத்தில் சிவன் வருவார். பன்றி யாருடையது என்று வாய்ச்சண்டை, வில்லுச் சண்டை, வில் ஒடிந்து கட்டிப்புரள்வார்கள். அருச்சுனன் தோற்பான். தோற்றவனுக்கு வேசத்தைக் கலைத்துவிட்டுப் பாசுபதம் கொடுப்பார் கடவுள். கூட்டம் கும்பிடும்.

அந்தக் கதையை நம்பித்தானோ என்னவோ, நம்ம சனம் ஒவ்வொரு சம்பளப் பேச்சுக்கும் தோற்றுவிட்டு நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நிற்கிறது, எதிரே நிற்பவன் எப்போது வேசத்தைக் கலைப்பான் என்று. 1992இல் தோட்டங்களை அரசாங்கத்திடமிருந்து கம்பனிகள் கையேற்றன. முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. "நட்டத்தில் ஓடுகிறோம்" என்ற வேடன் வேசம் இன்னும் கலையவில்லை. மரத்தில் ஏறியவர்களும் இறங்கவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் மேலேயிருந்து ஏதாவது வீசுகிறார்கள். ஒரு வருடம் கூரைத் தகரம், ஒரு வருடம் தண்ணீர்த் தாங்கி, ஒரு வருடம் ஏழு பேர்ச் காணி என்ற வாக்கு. கீழே நின்று முந்தானை ஏந்தவேண்டியது நம்ம வேலை.

இப்போது ஆட்சி மாறியிருக்கிறது. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க புதுக் கணக்கு வாசித்தார்: 2026 ஜனவரியிலிருந்து நாட்சம்பளம் 1,550, வரவுக்கு 200, ஆக 1,750. ஐந்து ரூபா கூடினாலும் சந்தோசம்தான், 400 கூடினால் கசக்குமா? ஆனால் அந்த 200ஐ யார் கொடுப்பது என்று பாருங்கள். அரசாங்கம். கொழுந்து கம்பனிக்கு, காசு பொதுமக்கள் வரியிலிருந்து. இத்தனை நாளும் நடுவராக நின்றவர் இப்போது தன் சட்டைப்பையில் கைவிட்டு, எதிராளிக்காக நம்ம பயில்வானுக்குப் பணம் கட்டுகிறார். கம்பனிக்கு இதைவிட நல்ல கோச் கிடைக்குமா? பழைய கோச்சுமாரின் முகம் வாடியதும் அதனால்தான். மாலை வேறு கழுத்துக்குப் போய்விட்டதே.

மடுவத்துத் தராசைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. 730ஆனாலும் 1,750ஆனாலும் அது அந்தக் கொக்கியில் தொங்கித்தான் தொழிலாளியின் கைக்கு வரவேண்டும். முழுப்பேரா அரைப்பேரா என்பதை முடிவு செய்வது வர்த்தமானி இல்லை, அந்த முள். முள் ஆடி நிற்கும் வரைக்கும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு, "எழுதாதே, நிக்கட்டும்" என்று சொல்ல ஒரு கோச் அன்று அங்கே இல்லை. நான் நின்றேன், நானும் சொல்லவில்லை. அக்காவின் பேர் போய்விடுமே என்று பயந்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஆகவே வாசகரே, அடுத்த மே தினத்துக்கு ஹட்டனுக்கோ கொட்டகலைக்கோ தலவாக்கலைக்கோ போவதாக இருந்தால், கொடி வேண்டாம், ஒரு தராசை எடுத்துக்கொண்டு போங்கள். எந்தக் கட்சி மேடையானாலும் சரி, ஏறுகிற ஒவ்வொருவரையும் கொக்கியில் மாட்டி நிறுத்துவிட்டு ஏற விடுங்கள். முள் நிற்கும் முன்னே எழுதிவிடுங்கள். தண்ணிக்கு ஒரு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ கழிக்க மறக்காதீர்கள். மீசை இருந்தால் அதற்கும் ஒரு கிலோ.